தண்டனை முடிந்தவரும் மன்னிக்கப்பட்டவரும்

2021 ஜூன் 24, பொசன் பௌர்ணமி தினம். ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ வழங்கிய பொதுமன்னிப்பில் அன்று சிறைக் கதவுகள் திறந்தன. வெளியே வந்தவர்களில் ஒருவர் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வா. 2011 ஒக்டோபர் 8ஆம் திகதி, தேர்தல் நாளன்று, பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் 2016இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2018இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே நாளில் வெளியே வந்த இன்னும் 16 பேர், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்ட தமிழர்கள். இவர்களில் பலர் தண்டனையின் பெரும் பகுதியை ஏற்கெனவே கழித்திருந்தார்கள்; சிலருக்கு எஞ்சியிருந்தது கொஞ்சக் காலமே.

இரு தரப்பையும் ஒரே அறிவித்தலில் வைத்தது அரசின் கெட்டித்தனம். துமிந்தவின் விடுதலையைக் கண்டித்தவர்களிடம், அப்படியானால் தமிழ்க் கைதிகள் விடுதலையாவதும் உங்களுக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்க முடிந்தது. தமிழ்க் கைதிகளின் விடுதலையை எதிர்த்தவர்களிடம் துமிந்தவைக் காட்டிச் சமாதானம் சொல்ல முடிந்தது. கொழும்பில் தமிழரும் சிங்களவரும் அன்று கோபப்பட்டார்கள், மகிழ்ந்தார்கள். ஆனால் சிறைக் கதவு யாருக்கு எதற்காகத் திறந்தது என்ற கேள்வி அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது. அந்தக் கேள்வியைத்தான் இங்கே திரும்பக் கேட்க விரும்புகிறேன்.

கெட்ட பெயர் எடுத்த ஒரு குற்றவாளி சிறையிலிருந்து வெளியே வரும்போது மக்கள் கொதிப்பது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். அந்தக் கொதிப்பில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. செத்துப்போனவர் திரும்பி வரமாட்டார். கொன்றவர் மட்டும் பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போகிறார். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு நீதி சாத்திரம் போதிக்க எவருக்கும் தகுதி கிடையாது. ஆனால் நம் நாட்டில் அந்தக் கொதிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. தண்டனை முழுமையாக அனுபவிக்கப்படும் என்ற நம்பிக்கையே இங்கே செத்துவிட்டது. அதைக் கொன்றவர்கள் ஜனாதிபதிகள்.

வரிசையாகப் பாருங்கள். 2005இல் இராஜகிரிய ரோயல் பார்க் தொடர்மாடியில் 19 வயதுப் பெண்ணொருத்தி கொல்லப்பட்டாள். அந்த வழக்கில் ஜூட் ஷ்ரமந்த ஜயமஹவுக்கு மேல் நீதிமன்றம் முதலில் 12 ஆண்டுச் சிறையே விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் அதை மரண தண்டனையாக்கியது. உயர் நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. 2019 நவம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது, பதவியை விட்டுப் போகவிருந்த மைத்திரிபால சிறிசேன அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். அந்த மன்னிப்பு செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2024 ஜூன் 6ஆம் திகதி தீர்ப்பளித்தபோது, மன்னிக்கப்பட்டவர் எப்போதோ நாட்டைவிட்டுப் போய்விட்டிருந்தார்.

அடுத்தது மிருசுவில் படுகொலை. 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்த மக்கள் தங்கள் வீடு வளவைப் பார்த்துவரப் போனார்கள். அவர்களில் எட்டுப் பேர் கொல்லப்பட்டுக் குழிக்குள் போடப்பட்டார்கள். ஐந்து வயதுக் குழந்தையும் அவர்களில் ஒன்று. ஒருவர் தப்பி வந்து சொல்லியிராவிட்டால் அந்தக் குழி இன்றும் மூடியே கிடந்திருக்கும். 15 ஆண்டுகள் இழுபட்ட பிறகு, 2015இல் இராணுவச் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தமிழ் மக்களைக் கொன்ற படையினர் ஒருவருக்கு எதிராக இவ்வளவு தூரம் வந்து முடிந்த வழக்குகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். தீர்ப்பு உறுதியாகி ஓராண்டுகூட முடியவில்லை. 2020 மார்ச் 26ஆம் திகதி அவர் பொதுமன்னிப்பில் விடுதலையானார். நாடு கொரோனா ஊரடங்கில் கிடந்தது. எதிர்ப்புக் காட்ட வீதிக்கு இறங்கவும் ஒருவராலும் முடியாத நாளாகப் பார்த்து அது நடந்தது.

மரண தண்டனைக் கைதிக்கு மன்னிப்பு வழங்க அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை ஒரு வழிமுறை வகுத்திருக்கிறது. வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கை வேண்டும். சட்டமா அதிபரின் ஆலோசனை வேண்டும். பிறகு நீதி அமைச்சரின் விதப்புரையோடு கோவை ஜனாதிபதிக்குப் போக வேண்டும். ஒரு மனிதனின் விருப்பு வெறுப்புக்குக் கடிவாளம் போடவே இத்தனை படிகள். துமிந்தவின் வழக்கில் இந்தப் படிகள் பின்பற்றப்படவில்லை என்று கொல்லப்பட்டவரின் மனைவியும் மகள் ஹிருணிகா பிரேமச்சந்திரவும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2022இல் இடைக்காலத் தடை கிடைத்தது. 2024 ஜனவரி 17ஆம் திகதி மன்னிப்பே இரத்தானது. இரண்டரை ஆண்டுகள் நடையாய் நடந்து பெற்ற தீர்ப்பு அது. இந்த நாட்டில் ஒரு விடுதலைக்கு எதிராக எழுந்த கோபங்களில் மிகவும் மதிக்கத்தக்கதாக நான் கருதுவது ஹிருணிகாவின் கோபத்தைத்தான். அது கல்லெடுக்கவில்லை, மனுத் தாக்கல் செய்தது.

ஆட்சி மாறிய பிறகும் சந்தேகம் தீரவில்லை. 2025 வெசாக் தினத்தன்று அநுராதபுரம் சிறையிலிருந்து, நிதி மோசடியில் தண்டிக்கப்பட்ட ஒருவர் பொதுமன்னிப்பு என்ற பெயரில் வெளியே போனார். ஜனாதிபதி அங்கீகரித்த 388 பேரின் பட்டியலில் அவர் பெயரே இருக்கவில்லை. அடுத்த மாதம் சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகமே கைதானார். இப்படிப்பட்ட நாட்டில் ஒருவர் தண்டனைக் காலம் முடிந்து வெளியே வந்தார் என்று செய்தி படிக்கும் வாசகர், உண்மையிலேயே முடிந்ததா என்று கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

கேட்கலாம். ஆனால் பதில் கிடைத்த பிறகு அதை ஏற்க வேண்டும். அரசியல் செல்வாக்கால் வெளியே வந்தவர் மீது கொட்ட வேண்டிய கோபத்தை, நீதிமன்றம் சொன்ன ஒவ்வொரு நாளையும் உள்ளேயே கழித்துவிட்டு வந்தவர் மீது கொட்டுகிறோம். முன்னவரைத் தொட முடியாது. அவரைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள். பின்னவருக்கு ஒருவரும் இல்லை. அவருடைய பழைய படத்தைத் தேடி எடுத்துப் பரப்புவது சுலபம்.

தண்டனை முடித்தவரை வெளியே விடத்தான் வேண்டுமா என்ற கேள்வி மிகத் தெளிவாக எழுந்தது இந்தியத் தலைநகரில். 2012 டிசம்பர் 16ஆம் திகதி இரவு டில்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டுப் பின்னர் சிங்கப்பூர் வைத்தியசாலையில் உயிரிழந்தார். குற்றவாளிகளில் ஒருவனுக்கு அப்போது 18 வயது முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. சிறார் சட்டப்படி அவனுக்கு விதிக்கக்கூடிய உச்சத் தண்டனை சீர்திருத்த இல்லத்தில் மூன்று ஆண்டுகள், அதையே விதித்தார்கள். 2015 டிசம்பரில் அந்த மூன்று ஆண்டுகள் முடிந்தன. பெற்றோர் வீதியில் உட்கார்ந்தார்கள். டில்லி மேல் நீதிமன்றம் விடுதலையைத் தடுக்க மறுத்தது. டில்லி மகளிர் ஆணையத் தலைவி நள்ளிரவில் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். டிசம்பர் 20ஆம் திகதி அவன் வெளியே வந்தான். மறுநாள், இதற்கு மேல் அவனை வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு அடுத்த நாள் மாநிலங்களவை புதிய சிறார் நீதிச் சட்டமூலத்தை நிறைவேற்றியது. 16 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் கொடூரக் குற்றம் புரிந்தால் வளர்ந்தவர்களைப் போல விசாரிக்க அது வழிசெய்தது.

அந்தத் தாயின் வேதனைக்கு முன்னால் தலைகுனிந்து நிற்கிறேன். ஆனாலும் அந்த நாட்களில் நீதிமன்றங்கள் செய்ததே சரி. தண்டனை போதாது என்று நாடு நினைத்தது, நினைத்ததில் தவறில்லை. அதற்காகச் சட்டத்தை மாற்றியது. மாற்றிய சட்டம் இனி வருபவர்களுக்குப் பொருந்தும்; முடிந்த தண்டனையைக் கிளறி நான்காவது ஆண்டைச் சேர்க்க அதனால் முடியாது. அப்படிச் சேர்க்கலாம் என்று ஒரு நீதிமன்றம் இணங்கியிருந்தால், அந்த அதிகாரத்தை அடுத்தாற்போல் யார் மீது பாவிப்பார்கள் என்பதைக் கொழும்புத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை.

முடியாத தண்டனை எப்படி இருக்கும் என்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991இல் கைதான சாந்தன் உடுப்பிட்டியைச் சேர்ந்தவர். மரண தண்டனையை எதிர்நோக்கி ஆண்டுக்கணக்கில் இருந்தார். 2014இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 2022 மே மாதம் அதே வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளனையும், அதே ஆண்டு நவம்பர் 11ஆம் திகதி சாந்தன் உட்பட மற்ற ஆறு பேரையும் இந்திய உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. பேரறிவாளனை முதலமைச்சர் ஸ்டாலின் கட்டித் தழுவினார். மறுநாள் தமிழகக் காங்கிரசார் வாயில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு நின்றார்கள். ராஜீவைக் கொன்ற ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் படுகாயமடைந்து உயிர் தப்பிய பெண் பொலிஸ் அதிகாரி ஒருவர் இந்த விடுதலைகளை வெளிப்படையாக எதிர்த்தார். ராஜீவோடு அன்று செத்த சாதாரண மனிதர்களின் பெயர்கள் முப்பது ஆண்டுகளாக எந்த மேடையிலும் ஒலிக்கவில்லை என்ற பாதிக்கப்பட்டோரின் குறை உண்மையானது. தமிழர் தரப்பில் எழுதும் நாமும் அந்தப் பெயர்களைத் தேடிப் படித்தவர்கள் அல்லர்.

ஆனால் விடுதலை செய்யப்பட்ட சாந்தன் எங்கே போனார்? திருச்சி சிறப்பு முகாமுக்கு. சிறை என்று அதற்குப் பெயர் இல்லை. வெளியே போக மட்டும் முடியாது. அங்கே பதினைந்து மாதங்கள். வயதான தாயைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தார். நாடு திரும்ப அனுமதி கைக்கு வந்த நேரத்தில், 2024 பெப்ரவரி 28ஆம் திகதி, சென்னை வைத்தியசாலையில் இறந்தார். கட்டுநாயக்கவுக்கு வந்து இறங்கியது உடல். அவரோடு விடுதலையான முருகன், ரொபர்ட் பயஸ், ஜெயக்குமார் ஆகிய மூவரும் ஏப்ரல் 3ஆம் திகதிதான் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். நீதிமன்றம் முடித்துவைத்த தண்டனையை நிர்வாகம் நீட்டியது. 

வெகு தூரம் போக வேண்டியதும் இல்லை. யுத்தம் முடிந்த பிறகு புனர்வாழ்வு பெற்று வெளியே வந்த முன்னாள் போராளிகள் சுமார் 12,000 பேர். புனர்வாழ்வு முடிந்தது என்று அரசாங்கமே சான்றிதழ் கொடுத்தது. அதற்குப் பிறகும் புலனாய்வுக்காரர் வீட்டு வாசலுக்கு வருவது நிற்கவில்லை. வேலை கொடுத்தவரைப் போய் விசாரித்தார்கள்; வேலை போனது. இதில் அரசை மட்டும் குற்றம் சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கூடாது. அவர்களில் இருந்த பெண் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேச மறுத்தது நம்முடைய சமூகம். காலி வீதியில், வெள்ளவத்தையில், கொட்டாஞ்சேனையில் வீடு கேட்டு வந்தவர் பூசா முகாமில் இருந்தவர், மகசின் சிறையில் இருந்தவர் என்று தெரிந்தால் அறை ஏற்கெனவே கொடுபட்டுவிட்டது என்று சொன்னதும் நாம்தான். பொலிஸ் பதிவு, சோதனை, லொட்ஜ் சுற்றிவளைப்பு என்று பட்டவர்கள் நாம். பயம் புரிகிறது. ஆனால் 2007 ஜூனில் லொட்ஜுகளில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழரை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியபோது, ஒரு குற்றமும் செய்யாதவர்களை ஆபத்தானவர்கள் என்று எப்படி முத்திரை குத்தலாம் என்று கேட்டுத்தானே உயர் நீதிமன்றம் போனோம்? குற்றத்துக்குரிய விலையை முழுவதும் கொடுத்து முடித்தவருக்கும் அந்தக் கேள்வியில் பங்கு உண்டு.

கும்பலின் கையில் தண்டனை போனால் என்ன ஆகும் என்பதற்குப் பம்பலப்பிட்டியே சாட்சி. 2009 ஒக்டோபர் 29ஆம் திகதி, மனநலம் பாதிக்கப்பட்ட தமிழ் இளைஞன் ஒருவன் ரயில் பாதையோரம் நின்று ரயில்கள் மீதும் வாகனங்கள் மீதும் கல்லெறிந்தான். துரத்திப்போனவர்கள் அவனைக் கடலுக்குள் இறக்கினார்கள். கரையேற விடாமல் பொல்லால் அடித்தார்கள். அவன் கைகூப்பிக் கெஞ்சினான். கரையில் கூட்டம் நின்று பார்த்தது. தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அவன் மூழ்கிப்போனான். அடித்தவர்களில் பொலிஸ்காரரும் இருந்தார். அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் எல்லாம் கொலைகாரர்கள் என்று நான் நம்பவில்லை. ஒருவன் தண்டனைக்கு உரியவன் என்று முதலில் யாரோ முடிவெடுத்துவிட்டால், அது எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல அங்கே ஆள் இருப்பதில்லை. நீதிமன்றத் தீர்ப்பில் ஒரு எண் இருக்கிறது: இத்தனை ஆண்டுகள். கும்பலின் தீர்ப்பில் அந்த எண் கிடையாது.

2000ஆம் ஆண்டு இங்கிலாந்தில், சிறுவர்கள் மீது பாலியல் குற்றம் புரிந்தவர்களின் பெயர்களையும் படங்களையும் ஒரு பத்திரிகை வெளியிடத் தொடங்கியது. போர்ட்ஸ்மத் நகரின் போல்ஸ்குரோவ் பகுதியில் மக்கள் இரவு இரவாகத் திரண்டு வீடுகளைத் தாக்கினார்கள். குற்றத்தோடு சம்பந்தமே இல்லாத குடும்பங்களும் வீட்டை விட்டு ஓட நேர்ந்தது. முகநூல் வருவதற்கு முன்னரே இவ்வளவும் நடந்தது.

வெளியே வருபவர் மறுபடியும் கொலை செய்தால் யார் பொறுப்பு என்று கேட்பீர்கள். நேர்மையான கேள்விதான். சிலர் ஆபத்தானவர்களாகவே இருப்பார்கள். அதற்கும் வழி நீதிமன்றத்துக்குள்தான் இருக்க வேண்டும். நோர்வேயில் 2011இல் 77 பேரைக் கொன்ற பிரெய்விக்குக்கு விதிக்கப்பட்டது 21 ஆண்டுத் தடுப்புச் சிறை. காலம் முடியும்போது அவர் இன்னும் ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கண்டால் அதை நீட்டலாம். அந்த நிபந்தனை தண்டனை விதித்த நாளிலேயே தீர்ப்பில் எழுதப்பட்டது. அவருக்குச் சட்டத்தரணி இருக்கிறார், விசாரணை நடக்கிறது. தண்டனை முடிந்த நாளில் புதிதாகக் கண்டுபிடித்துச் சேர்ப்பதற்கும் இதற்கும் மலையளவு வித்தியாசம் உண்டு. நமக்கு அப்படி ஓர் ஏற்பாடு வேண்டுமானால் பாராளுமன்றத்தில் விவாதிப்போம். கைதிகள் கொள்ளளவுக்கு இருமடங்குக்கும் மேல் அடைந்து கிடக்கும் சிறைகளிலிருந்து எவரும் திருந்தி வருவார் என்று எதிர்பார்க்க முடியுமா என்பதையும் அதே மேசையில் வைத்துப் பேசுவோம்.

என்னையே நான் கேட்டுப் பார்த்த கடினமான கேள்வி ஒன்று உண்டு. சுனில் ரத்நாயக்க மன்னிப்பில் வராமல், மரண தண்டனை ஆயுளாகக் குறைந்து, மற்றக் கைதிகளுக்கு உள்ள அதே விதிப்படி காலம் முழுவதையும் உள்ளே கழித்து, கிழவராக வெளியே வந்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேனா? மிருசுவில் குழந்தையை நினைத்தால் மனம் மறுக்கிறது. ஆனால் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் சிறையில் இருந்த தமிழ்க் கைதிகளை இனியாவது நிம்மதியாக வாழ விடுங்கள் என்று கேட்கும் வாய், இன்னொருவருக்கு மட்டும் வேறு சட்டம் கேட்க முடியாது. 2020இல் நடந்ததில் என் எதிர்ப்பு அவர் வெளியே வந்தார் என்பதில் இல்லை. தீர்ப்பு உறுதியாகி ஓராண்டுக்குள், ஒரு காரணமும் மக்களுக்குச் சொல்லாமல், ஒரு தலைவரின் அரசியல் தேவைக்காக வந்தார் என்பதில்தான்.

பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நாம் கொடுக்கக்கூடியது இன்னும் பல ஆண்டுச் சிறை மட்டும்தானா? முதலில் தகவலைக் கொடுப்போம். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் 2015இல் வந்தது. 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. மன்னிப்போ தண்டனைக் குறைப்போ வழங்கப்படவிருந்தால் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிக்க வேண்டும், தன் பக்கத்தைச் சொல்ல இடம் தர வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் சட்டமே கூறியது. ஏட்டில் இருக்கும் அந்த உரிமை மிருசுவில் குடும்பங்களுக்கு எந்த அளவில் கிடைத்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. தண்டனைக் காலம் முடிந்து ஒருவர் வெளியே வரும் நாளும் அதேபோல அந்தக் குடும்பத்துக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். பிள்ளையைக் கொன்றவனைச் சந்தையில் திடீரென்று எதிரில் காணும் நிலை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது. அருகிலேயே வந்து குடியேறக் கூடாது, சாட்சி சொன்னவரை அணுகக் கூடாது என்ற நிபந்தனைகள் வேண்டுமானால், அவற்றையும் நீதிமன்றம் விதிக்கட்டும். கால எல்லையோடு விதிக்கட்டும்.

ஜனாதிபதியிடம் கேட்க வேண்டியது வேறு. வெசாக், கிறிஸ்மஸ், சுதந்திர தினம் என்று வழங்கப்படும் ஒவ்வொரு மன்னிப்பின் பட்டியலும் பெயரோடும் காரணத்தோடும் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட வேண்டும். பாரிய குற்றங்களில் நீதிபதியின் அறிக்கையும் சட்டமா அதிபரின் ஆலோசனையும் வெளியிடப்பட வேண்டும். அநுராதபுரத்தில் நடந்தது இனியும் நடக்காமல் தடுக்க இதைவிட இலேசான வழி எனக்குத் தெரியவில்லை.

பத்திரிகை ஆசிரியர்களிடமும் கேட்கிறேன். தண்டனை முடித்து வெளியே வரும் ஒருவரின் பழைய படத்தை முன்பக்கத்தில் போடுவதற்கு முன், அவர் மன்னிப்பில் வந்தாரா, காலம் முடித்து வந்தாரா என்பதைத் தலைப்பிலேயே சொல்லுங்கள். மன்னிப்பில் வந்தவரானால் யார், எதற்காக, எந்த அறிக்கையின் பேரில் மன்னித்தார்கள் என்று விடாமல் தோண்டுங்கள். காலம் முடித்து வந்தவரானால் அவர் வீட்டு முகவரியை எழுதாதீர்கள், பிள்ளையின் பாடசாலைக்குப் படப்பிடிப்பாளரை அனுப்பாதீர்கள். பம்பலப்பிட்டியில், வெள்ளவத்தையில், கொட்டாஞ்சேனையில் அறையும் வேலையும் கொடுக்கக்கூடிய நிலையில் இருக்கும் நம்மவர்களிடம் இன்னும் ஒன்று கேட்கிறேன்: அப்படி ஒருவர் உங்களிடம் வந்தால், நீதிமன்றம் முடித்துவிட்ட வழக்கை மறுபடியும் விசாரிக்காதீர்கள், மற்றவர்களிடம் கேட்கும் அதே அட்வான்சைக் கேட்டு, திறப்பைக் கொடுங்கள்.